கிரீடத்தைத் தனியாக விடக் கூடாது

அத்தியாயம் 11

வாசல் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைத்துவிட்டுத் திரும்பும்போது டெல்மோதான் அதை முதலில் பார்த்தான்.

'உள்ளே வருபவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் வரவும். படிக்கட்டில் விழுந்தால் வீட்டார் பொறுப்பல்ல. இப்படிக்கு, நிர்வாகம்.'

போர்த்துகீசில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம். நான்கு மூலையிலும் ஒட்டு நாடா. இவ்வளவு நேராக ஒட்டுகிறவன் இந்தக் குடும்பத்தில் ஒருவன்தான். தரைக்குப் பலகை பதிக்கும் தொழில் செய்யும் மச்சான் ஜில்பெர்ட்டோ.

கிழித்திருக்கலாம். டெல்மோ கிழிக்கவில்லை. படித்தான், உள்ளே போனான். போன அக்டோபரிலிருந்து அவன் அப்படித்தான் இருந்தான். கண்ணில் படுவது கையை எட்டுவதில்லை.

அக்டோபரில் ஒரு காலை அவன் மனைவி ஒடிலியா வேலைக்குக் கிளம்பினாள். காரில் ஏறும் முன் தலை வலிக்கிறது என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் அவள் பெயரில் சீட்டு விழுந்திருந்தது. போன வருஷத் திருவிழாவில், தூய ஆவியின் கிரீடத்தை இந்த ஈஸ்டர் காலத்தில் எந்தெந்த வீடு ஒரு வாரம் வைத்துக்கொள்வது என்று சபையில் சீட்டுக் குலுக்கினார்கள். ஒடிலியாவின் பெயர் வந்ததும் அவள் நாற்காலிமேல் ஏறிக் கத்தினாள். மறுநாளே வெள்ளைத் துணி வாங்கி, ஓரத்தில் பூவேலை போட ஆரம்பித்தாள்.

சபையிடம் சொல்லி வேறு வீட்டுக்கு மாற்றிவிடலாம் என்று டெல்மோ நினைத்தான். மாமியார் டியோலிண்டா ஒப்பவில்லை. "சீட்டு அவ பேர்ல விழுந்துச்சு. அவ வீட்டுக்குத்தான் வரும்."

வந்தது. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வெள்ளிக் கிரீடம், உச்சியில் புறாவோடு, பக்கத்தில் செங்கோலோடு, நடுத்தளத்தில் டெல்மோவின் முன்னறையில், பூ வைத்த பீடத்தின்மேல் இருக்கிறது. அடியில் ஒடிலியாவின் துணி. ஒரு மூலையில் பூவேலை பாதியில் நிற்கிறது.

கிரீடம் இருக்கிற வாரம் வாசலைப் பூட்டுவதில்லை. யார் வேண்டுமானாலும் ஏறி வரலாம், முத்தமிடலாம், சாப்பிடலாம். இன்னொன்று, கிரீடத்தைத் தனியாக விடக் கூடாது. பகலோ இரவோ, யாராவது ஒருவர் துணைக்கு இருக்க வேண்டும்.

இன்று சாயங்காலம் ஜெபமாலையும், வருகிறவர்களுக்கெல்லாம் சூப்பும். நாளை ஞாயிறு. கிரீடம் அடுத்த வீட்டுக்குப் போகிறது.

டெல்மோவும் போகிறான். அது இன்னும் யாருக்கும் தெரியாது. பக்கத்து மாநிலத்தில், பிராவிடன்ஸ் நகரத்தில், அவன் வேலை பார்க்கும் குடிநீர்ச் சோதனைக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்து முன்பணம் கட்டிவிட்டான். சாவி, சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் சாம்பல் நிற ஜாக்கெட்டின் பையில் இருந்தது. மகள் மரீஸாவை மட்டும் ஒரு தரம் கூட்டிப்போய்க் காட்டினான். ஆறு வயசுக்காரியிடம் இது ரகசியம் என்று சொல்லியிருந்தான்.

மகள் இல்லாத இடத்தில் மருமகனுக்கு என்ன பெயர்? அவனுக்கு விடை தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது. அதனால் சாவி வாங்கினான்.

* * *

காகிதத்தை டியோலிண்டா பார்த்தபோது காலைச் சமையல் பாதியில் நின்றது.

"டேய் ஜில்பெர்ட்டோ! யாருடா இந்த நிர்வாகம்?"

ஜில்பெர்ட்டோ அப்போதுதான் வண்டியிலிருந்து ரொட்டி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான். நாற்பத்திரண்டு வயது, பெரிய தோள்கள். அம்மா கூப்பிட்டால் இன்னும் தலை கொஞ்சம் உள்ளே போகும்.

"அம்மா, அது சும்மா ஒரு பாதுகாப்புக்கு..."

"கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்குள்ள வந்ததுலேருந்து இங்கதான் இருக்கேன். நிர்வாகம்னு ஒருத்தரை நான் பார்த்ததே இல்லையே. மாடியில ஒளிஞ்சிருக்காரா?"

"ஏம்மா, இன்னிக்குச் சாயங்காலம் எத்தனை பேர் ஏறுவாங்க தெரியுமா? பின்படிக்கட்டு எவ்வளவு பழசு! ஒரு கிழவி உருண்டான்னு வைங்க, அவ பேரன் வக்கீலைக் கூட்டிட்டு வருவான். வீடே போயிடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அப்படித்தான் போச்சு."

"தூய ஆவி வீட்டுக்கு வந்திருக்கு. நீ வாசல்ல, வந்தா உன் பொறுப்புன்னு எழுதி ஒட்டியிருக்கே. அவரும் படிச்சிருப்பாரு."

"அவர் பறந்துதானேம்மா வர்றாரு. படிக்கட்டு ஏறல."

டியோலிண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்கக் காகிதத்தைப் பரக்கென்று கிழித்தாள். கிழித்ததைச் சுருட்டி மகனின் சட்டைப் பையில் திணித்தாள்.

"மத்தியானம் வக்கீலம்மா வராங்க. உன் நிர்வாகத்தை அவங்ககிட்ட காட்டு."

* * *

சண்டை ஈஸ்டருக்கு முன்பே ஆரம்பித்திருந்தது. இந்த மூன்றடுக்கு மரவீடு டியோலிண்டாவின் பெயரில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் அவள், நடுவில் டெல்மோவும் மரீஸாவும், மேல்தளம் வாடகைக்கு. மகளை அடக்கம் செய்த பிறகு டியோலிண்டாவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. யாரும் வரிசைப்படி போவதில்லை.

வீட்டை ஒரு டிரஸ்டில் வைத்துவிட வேண்டும் என்றாள் அவள். இல்லை, எல்.எல்.சி. என்கிற வரையறுத்த பொறுப்புக் கம்பெனி ஒன்று தொடங்கி அதன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றான் ஜில்பெர்ட்டோ. அவன் தொழிலும் அப்படி ஒரு கம்பெனியின் பெயரில்தான் இருந்தது. நன்றாகவும் இருந்தது.

இரண்டில் எதிலும் தன் பெயர் வராது என்று டெல்மோவுக்குத் தெரியும். அதனால் பேச்சு வரும்போதெல்லாம் அவன் பாத்திரம் கழுவினான்.

வக்கீல் லூர்தெஸ் வந்ததும் முதலில் கிரீடத்துக்கு முத்தமிட்டாள். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இங்கயேவா பேசப் போறோம், டியோலிண்டாம்மா?"

"வேற எங்க? இதை விட்டுட்டு நான் உங்க ஆபீசுக்கு வர முடியுமா?"

"டெல்மோ துணைக்கு இருக்கட்டுமேம்மா. நாம கீழ போய்ப் பேசலாம்" என்றான் ஜில்பெர்ட்டோ.

டெல்மோ எழுந்தான். கீழே போக அல்ல, நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொள்ள. அவனைப் பொறுத்தவரை அது நியாயமான யோசனைதான்.

"அவனும் வேணும்" என்றாள் டியோலிண்டா. "உக்காருப்பா."

உட்கார்ந்தான்.

ஜில்பெர்ட்டோ தயாராக வந்திருந்தான். "வக்கீலம்மா, நான் சுருக்கமா சொல்லிடறேன். யாராவது விழுந்தா, கம்பெனி மேலதான் கேஸ் போடுவான். கம்பெனிகிட்ட இந்த வீடு மட்டும்தான் இருக்கும். அம்மாவோட சேமிப்பைத் தொட முடியாது. என் தொழிலைத் தொட முடியாது. சரியா?"

"பெரும்பாலும் சரி."

"பார்த்தீங்களாம்மா?"

"ஆனா வீடு போகும்ல?" என்றாள் டியோலிண்டா.

லூர்தெஸ் பதில் சொல்லும் முன் கதவு திறந்தது. சபையின் சமையல் பொறுப்பாளர் அர்மீந்தோ, வியர்த்த நெற்றியோடு. நேராகக் கிரீடத்திடம் போனார், புறாவுக்கு முத்தமிட்டார், திரும்பினார். கேட்காமலே கருத்துச் சொல்வது அவர் வழக்கம்.

"எல்.எல்.சி.யா பேசறீங்க? என் தங்கச்சி புருஷன் போட்டான். இப்ப அவனே அவன் கம்பெனிக்கு மாசாமாசம் வாடகை கட்டறான். குழாய் ஒழுகினா யாரைத் திட்டறதுன்னு தெரியாம கண்ணாடி முன்னால நின்னு திட்டறான்."

"அர்மீந்தோ, சூப்பு அடி பிடிக்கப் போகுது" என்றாள் டியோலிண்டா.

"பிடிக்காது. வக்கீலம்மாவுக்கு ருசி பார்க்கக் கொஞ்சம் கொண்டு வரேன்." போனார்.

லூர்தெஸ் சிரித்து முடித்தாள். பிறகு அம்மாவையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டைப் பத்திப் பேசறீங்க. ஆனா பயம் வேற வேற. ஜில்பெர்ட்டோவுக்குப் படிக்கட்டு பயம். அம்மாவுக்குச் சாவு பயம்."

"எனக்குச் சாவு பயமில்ல. செத்தப்புறம் இவங்க கோர்ட்டுல நிக்கறதுதான் பயம். இவங்கப்பா போனப்ப நான் நின்னேன். என் சொந்த வீட்டுல நான் யாருன்னு கேட்டாங்க."

"அதுக்கு டிரஸ்ட்தான் மருந்து. இருக்கற வரைக்கும் வீடு உங்க கையில. எப்ப வேணா மாத்திக்கலாம். உங்களுக்கப்புறம் கோர்ட்டுக்குப் போகாம, நீங்க சொன்னவங்களுக்குப் போகும். ஆனா படிக்கட்டுல ஒருத்தர் விழுந்தா டிரஸ்ட் தடுக்காது."

"அதைத்தானே நான் சொல்றேன்!" என்றான் ஜில்பெர்ட்டோ.

"இருங்க. நீங்க குடியிருக்கற வீடுன்னு பதிவு பண்ணியிருக்கறதால சட்டம் ஒரு காப்பு குடுக்குது. கடன்காரங்க லேசுல கை வைக்க முடியாது. டிரஸ்டுக்கு மாத்தினாலும் அதைக் காப்பாத்திக்கலாம். கம்பெனிக்கு மாத்தினா அது போயிடும். கம்பெனி குடியிருக்காதே. அப்புறம் இன்ஷூரன்ஸ் மாறும், ஒவ்வொரு வருஷமும் கட்டணம், தனிக் கணக்கு. வாடகைக்கு மட்டும் விடற வீடுன்னா நானே கம்பெனி போடுங்கன்னு சொல்லுவேன். அம்மா தூங்கற வீட்டுக்கு யோசிக்கணும்."

ஜில்பெர்ட்டோ விடவில்லை. "எல்லாத்துக்கும் காகிதம் இருந்தா ஒரு பிரச்சினையும் வராது. ஒவ்வொரு தளத்துக்கும் வாடகை ஒப்பந்தம் போட்டுக்கலாம். அம்மா ஒண்ணு. மேல ஒண்ணு. மாப்பிள்ளே, நீயும் ஒண்ணு போட்டுடு. வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கலாம். சும்மா காகிதத்துக்குத்தான்."

"சரி" என்றான் டெல்மோ.

டியோலிண்டா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பார்வை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"படிக்கட்டை நீங்க பார்க்கவே இல்லையே வக்கீலம்மா" என்று ஜில்பெர்ட்டோ எழுந்தான். "வாங்க, நானே காட்டறேன். மூணாவது படி ஆடும். அது எப்படி ஆடுதுன்னு பாருங்க."

* * *

மூன்றாவது படி ஆடவில்லை. ஜில்பெர்ட்டோதான் ஆடினான்.

வக்கீலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினான். கீழேயிருந்து அர்மீந்தோ பெரிய கிண்ணத்தில் சூப்போடு ஏறிக்கொண்டிருந்தார். ஒரு சத்தம். கிண்ணம் உருண்டு முற்றம் வரை போனது. ஜில்பெர்ட்டோ படியில் உட்கார்ந்திருந்தான். தலையில் முட்டைக்கோஸ் இலை, சட்டை முழுக்கச் சாறு. நல்லவேளை, ஆறின சூப்பு.

டியோலிண்டா மேலிருந்து எட்டிப் பார்த்தாள். "அடி பட்டுச்சா?"

"இல்லம்மா."

"கைகால் அசையுதா?"

"அசையுது."

"அப்ப கேஸ் போடப் போறியா?"

அர்மீந்தோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நிர்வாகம் பொறுப்பல்லன்னு காலையில ஒட்டியிருந்துச்சே, அதைப் படிச்சிட்டுதானே ஏறினே?"

"என்கிட்ட வராதீங்க" என்றாள் லூர்தெஸ். "நான் உங்கம்மா பக்கம்."

ஜில்பெர்ட்டோவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. புதினா இலையைக் காதிலிருந்து எடுத்தான். டெல்மோ கீழே இறங்கி, கை கொடுத்துத் தூக்கினான். சட்டை பிழிந்தால் ஒரு கிண்ணம் தேறும்.

"சமையலறைக் கதவுக்குப் பின்னால என் ஜாக்கெட் இருக்கு. போட்டுக்கங்க."

சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தான். படியைத் துடைத்தான். சாவி நினைவுக்கே வரவில்லை.

* * *

மறுபடி முன்னறை. மரீஸா கிரீடத்துக்குக் காவலாகத் தரையில் உட்கார்ந்து, செங்கோலின் நிழலை விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜில்பெர்ட்டோ, தோளில் இறுக்கும் சாம்பல் நிற ஜாக்கெட்டில் வந்து உட்கார்ந்தான். விழுந்ததில் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சரி. டிரஸ்டே இருக்கட்டும். இன்ஷூரன்ஸைக் கூட்டிக்கலாம். படிக்கட்டை நானே மாத்தறேன். புதுக் கைப்பிடியும் போடறேன்."

"நல்ல முடிவு" என்றாள் லூர்தெஸ். "பங்கு?"

"பாதி இவனுக்கு" என்றாள் டியோலிண்டா. "பாதி மரீஸாவுக்கு. அவங்கம்மாவோடது."

யாரும் மறுக்கவில்லை. லூர்தெஸ் குறித்துக்கொண்டாள்.

"அடுத்தது முக்கியம். நீங்க இருக்கற வரைக்கும் நீங்களே டிரஸ்டி. உங்களுக்கப்புறம் யார்? டிரஸ்டின்னா வீடு அவருக்குச் சொந்தமில்ல. ஆனா அவர் பேர்லதான் நிக்கும். மத்தவங்களுக்காக அவர் பார்த்துக்கணும். விக்கறதோ, கூரை மாத்தறதோ, வாடகைக்கு விடறதோ, அவர் கையெழுத்து."

ஜில்பெர்ட்டோ தன் முழுப்பெயரைச் சொல்ல வாயெடுத்தான்.

"டெல்மோ" என்றாள் டியோலிண்டா.

கீழே அர்மீந்தோ யாரையோ ரொட்டிக்காக விரட்டுவது கேட்டது.

"அம்மா" என்றான் ஜில்பெர்ட்டோ மெதுவாக. "நான் உங்க பையன்."

"நீ என் பையன்தான், ராசா. பாதி வீடு உன்னோடது. மரீஸாவுக்குப் பாதி. இவனுக்கு இதுல ஒரு ஆணிகூட இல்ல. எதுவும் இல்லாதவன்தான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்க முடியும்."

"நாளைக்கு இவன் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டா?"

மரீஸா தலை நிமிர்ந்தாள். ஜில்பெர்ட்டோவுக்கே சொன்ன பிறகுதான் உறைத்தது.

டியோலிண்டா கோபப்படவில்லை. "பண்ணிக்கட்டும். அவ்வளவு சின்ன வயசு. அவளும் வந்து சூப்பு சாப்பிடட்டும்."

எல்லோரும் டெல்மோவைப் பார்த்தார்கள். அவன் ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்தான். நான் போகிறேன் என்று இப்போதே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது திருட்டு.

"அத்தே, நான்..."

படிக்கட்டில் காலடிகள் கேட்டன. பலர். ஜெபமாலைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலில் வந்த கிழவி வாசலிலேயே நின்று மூச்சு வாங்கி, "கைப்பிடி ஒண்ணு போடக் கூடாதா?" என்றாள்.

லூர்தெஸ் பையை மூடினாள். "கையெழுத்து திங்கக்கிழமை. யோசிங்க" என்றாள் டெல்மோவிடம்.

* * *

ஜெபம் முடிந்தது. எல்லோரும் முத்தமிட்டுவிட்டு, முற்றத்தில் போட்ட நீள மேஜைகளுக்கு இறங்கினார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழேயிருந்து தட்டுச் சத்தமும் சிரிப்பும் மேலே வந்தன.

டெல்மோ இறங்கவில்லை. கிரீடத்தைத் தனியாக விடக் கூடாது. அது ஒரு வசதியான காரணம்.

டியோலிண்டா இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அடியில் ரொட்டி, மேலே இறைச்சி, புதினா.

"சாப்பிடு."

"அத்தே, நான் ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல சாப்பிடு."

"இல்ல, இப்பவே..."

"குளியல் தொட்டிக்குக் கால் இருக்காமே" என்றாள் டியோலிண்டா.

டெல்மோ கரண்டியை வைத்தான்.

"உன் புது வீட்டுல. சிங்கத்தோட காலு. நகம்கூட இருக்காம். நைட்ல நடக்குமான்னு மரீஸா கேட்டா என்கிட்ட. நடக்காதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"கிரீடம் வர்றதுக்கு முன்னாடியே. ரகசியம்னு சொல்லித்தான் சொன்னா. அவளைத் திட்டாதே."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கிண்ணத்தைப் பார்த்தான்.

"தெரிஞ்சும் ஏன் என் பேரைச் சொன்னீங்க?"

டியோலிண்டா பீடத்துக்குப் போய், ஒரு வாடின பூவை எடுத்துப் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"வக்கீலம்மாகிட்ட போன்ல கேட்டேன். டிரஸ்டி வேற ஊர்ல இருக்கலாமான்னு. இருக்கலாமாம். வேற மாநிலத்துலகூட இருக்கலாமாம். கையெழுத்தைத் தபால்ல அனுப்பினாப் போதுமாம்."

டெல்மோ கிண்ணத்தை மடியில் இறக்கி வைத்தான்.

"உன்னைக் கட்டிப்போடறதுக்கு இல்லப்பா. அந்த ரூம்ல உன்னால தூங்க முடியலன்னு எனக்குத் தெரியாதா? நான் கீழ படுத்திருக்கேன். நீ நடக்கறது எனக்குக் கேக்குது. நீ போ. ஆனா போன இடத்துலேருந்து திரும்பி வர்றதுக்கு ஒரு வேலை வேணும்ல. கூரை ஒழுகுது வான்னு கூப்பிடறதுக்கு எனக்கும் ஒரு சாக்கு வேணும்."

"அவ இருந்தாத்தானே நான் மருமகன், அத்தே."

டியோலிண்டா திரும்பினாள். கண் நனைந்திருந்தது. குரல் நனையவில்லை.

"இப்ப என்னை என்னன்னு கூப்பிட்டே?"

அவன் கரண்டியை மறுபடி எடுத்தான்.

"நான் வேணாம்னு சொன்னேனா? சாப்பிடு. ஆறுது." கதவருகே நின்றாள். "புதினா அதிகமா?"

"கொஞ்சம்."

"அவளும் அதைத்தான் சொல்லுவா."

படியிறங்கிப் போனாள். டெல்மோ முழுவதையும் சாப்பிட்டான். ரொட்டி ஊறியிருந்தது. பல மாதங்களாக வாயில் எது வைத்தாலும் அட்டையாக இருந்தது. இதில் புதினா தெரிந்தது.

* * *

கிண்ணத்தைத் தரையில் வைத்தபோது ஜில்பெர்ட்டோ வாசலில் நின்றான். இறுக்கமான ஜாக்கெட். கையில் சாவி.

"பையில இருந்துச்சு. நான் தேடல மாப்பிள்ளே. கையை விட்டேன், வந்துச்சு. இது நம்ம வீட்டுச் சாவி இல்லையே?"

"பிராவிடன்ஸ்."

"எப்ப?"

"ஒண்ணாந்தேதி."

"அம்மாவுக்கு?"

"தெரியும்."

ஜில்பெர்ட்டோ சோபாவில் உட்கார்ந்தான். அது முனகியது. "நல்லது. நிர்வாகத்துக்குத்தான் யாரும் எதுவும் சொல்றதில்ல."

கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கீழே யாரோ பாட ஆரம்பித்து, மறந்து, நிறுத்தினார்கள்.

"அந்த ஒப்பந்தம் போடச் சொன்னேன்ல. வருஷா வருஷம்."

"ஆமா."

"உன்னை வாடகைக்காரன் ஆக்கறதுக்குச் சொல்லல. நீ ஒரு கையெழுத்துப் போட்டா, அந்த ஒரு வருஷம் இங்கதான் இருப்பே. அடுத்த வருஷம் இன்னொண்ணு." அவன் சாவியை உள்ளங்கையில் மூடினான். "வேற எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. எனக்குக் காகிதம்தான் தெரியும். ஒரு தங்கச்சிதான் இருந்தா. இப்ப நீயும் அந்தக் குட்டியும்தான்."

டெல்மோ மச்சானைப் பார்த்தான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை இந்த ஆளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். இப்போதுதான் பார்க்கிற மாதிரி இருந்தது.

"டிரஸ்டி விஷயத்துல நான் இன்னும் சரின்னு சொல்லல" என்றான் ஜில்பெர்ட்டோ, எழுந்துகொண்டே. "போறவன் கையில வீட்டைக் குடுக்கறதா? திங்கக்கிழமை நான் கையெழுத்துக்கு வருவேனான்னு எனக்கே தெரியாது. அது வேற. இது வேற."

பீடத்தருகே போனான். சாவியை வெள்ளைத் துணியின்மேல் வைத்தான், கிரீடத்துக்குப் பக்கத்தில், பூவேலை பாதியில் நின்ற மூலையில்.

"நாளைக்குக் கிரீடம் கிளம்பினதும் துணியை மடிக்கணும். அதுக்குள்ள எடுத்துக்க. இல்ல, விட்டுடு."

போய்விட்டான். ஜாக்கெட்டோடு.

டெல்மோ நாற்காலியில் இருந்தான். சாவி புதுசு. வெள்ளிக்குப் பக்கத்தில் மலிவாகத் தெரிந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம்.

மரீஸா ஏறி வந்தாள். உதட்டோரம் இனிப்பு ரொட்டியின் மாவு. வழக்கப்படி முதலில் பீடத்துக்குப் போனாள், குதிகாலைத் தூக்கிப் புறாவுக்கு முத்தமிட்டாள், செங்கோலுக்கும். பிறகு நின்றாள். பக்கத்தில் கிடந்த புதுப்பொருளை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்கும் முத்தம் குடுக்கணுமா?"

டெல்மோவுக்குச் சிரிப்பு வந்தது. அக்டோபருக்குப் பிறகு முதல் சிரிப்பு. பாதியில் அது வேறொன்றாக மாறியது. அவன் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. மரீஸா வந்து அவன் மடியில் ஏறி உட்கார்ந்தாள், அவன் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"தெரியலடா கண்ணு" என்றான் கடைசியில். "நாளைக்குச் சொல்றேன்."

"சரி. அப்ப நீங்க கீழ போங்க. நான் இதுக்குத் துணையா இருக்கேன்."

"வேணாம். ரெண்டு பேரும் இருப்போம்."